குஞ்சு வாங்கிய நாளில் ஏறிய விலை

2025 மார்ச் தொடக்கத்தில் நாமக்கல் மண்டலத்தில் முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலை நான்கு ரூபாய்க்கும் கீழே இறங்கிக் கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில் அது ஆறு ரூபாயைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. ஆவடியில் சி.டி.எச். சாலையை ஒட்டிய மளிகைக் கடைகளில் ஒற்றை முட்டை ஏழு, ஏழரை என்று விற்றது. தக்காளி ஏறினால் மழையைச் சொல்கிறோம், தங்கம் ஏறினால் உலகச் சந்தையைச் சொல்கிறோம். முட்டைக்கு என்ன சொல்வது? கோழி கூரைக்கடியில் கூண்டில் நிற்கிறது, வருடம் முழுக்க இடுகிறது. எட்டு மாதத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற அதற்கு என்ன வந்தது?

"என்னண்ணே, போன வாரம் ஆறரைதானே போட்டீங்க?"

"நாமக்கல்லயே ரேட்டு ஏறிடுச்சுக்கா. நான் என்ன பண்றது?"

பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் வரை எந்தக் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது பாதிதான். அன்றைக்கு நாமக்கல்லில் ஏறியது எண் மட்டுமே. அந்த எண்ணை ஏற்றிவிட்ட காரியம் ஐந்து மாதத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

முதலில் ஒரு சின்ன வேடிக்கை. நாளிதழ்களில் 'முட்டை விலை 5 காசு உயர்வு' என்று செய்தி வருகிறது. ஐந்து காசு என்று ஒரு நாணயமே இன்று புழக்கத்தில் இல்லை. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போயின. ஐம்பது காசு சட்டப்படி செல்லும். கொடுத்துப் பாருங்கள், பெட்டிக்கடைக்காரர் முறைப்பார். ஆக, நாமக்கல் ஐந்தைந்து காசாக ஏறிக்கொண்டிருக்கும்போது ஒற்றை முட்டை வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. முப்பது முட்டை அட்டையாக எடுக்கிறவருக்கு ஒவ்வொரு ஐந்து காசுக்கும் ஒன்றரை ரூபாய் கூடும், அதுவும் பெரிதாக உறைக்காது. கடைக்காரர் சில நாள் தன் லாபத்தில் தாங்குகிறார். தாங்க முடியாத நாளில் ஐம்பது காசைச் சேர்த்து ஏற்றுகிறார். கொஞ்சம் கொஞ்சமாக வந்த ஏற்றம் நம் கைக்கு வரும்போது திடீர் ஏற்றமாகிவிடுகிறது. இறங்கும்போதும் இதே கதைதான், ஆனால் இன்னும் தாமதமாக. தள்ளுவண்டியில் ஆம்லெட் ஐந்து ரூபாய் ஏறினால் ஏறியதுதான்; கலக்கியும் ஆஃப் பாயிலும் விலை இறங்கி நான் பார்த்ததில்லை.

அந்த ஐந்து காசை யார் அறிவிக்கிறார்கள்? 1982-இல் பி.வி. ராவ் முன்னின்று உருவாக்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, என்.இ.சி.சி. அதற்கு முன் விலை சொல்லும் இடத்தில் வியாபாரிகள் இருந்தார்கள். முட்டை நாள்பட வைத்திருக்கக்கூடிய சரக்கு அல்ல; லாரி வாசலில் நிற்கும்போது பண்ணைக்காரர் பேரம் பேச முடியாது. எங்கள் முட்டைக்கு நாங்களே விலை சொல்வோம் என்று பண்ணைக்காரர்கள் திரண்டதன் விளைவுதான் இந்தக் குழு. இன்று நாமக்கல், சென்னை, ஐதராபாத், ஹரியானாவின் பர்வாலா என்று இடத்துக்கு ஒரு விலை அறிவிக்கப்படுகிறது. அது பரிந்துரை விலைதான், கட்டாயமில்லை. சரக்கு தேங்கினால் வியாபாரிகள் அறிவித்த விலைக்குக் கீழே இத்தனை காசு என்று 'மைனஸ்' கேட்டு எடுப்பார்கள். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அந்த ஊர்க்காரர்கள் இன்று வாங்கும் முட்டையின் விலையை அரசும் நிர்ணயிப்பதில்லை, சந்தையும் தன்போக்கில் நிர்ணயிப்பதில்லை. நடுவே உற்பத்தியாளர் குழு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மாநாட்டுப் பந்தலில் இருந்தவர்கள் இதை எந்தக் கணக்கில் வைத்திருப்பார்களோ!

குழு சொல்லும் விலைக்குக் கீழே இன்னொரு சட்டம் இருக்கிறது. அதைத் திருத்த எந்தக் குழுவாலும் முடியாது. அது கோழியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. அதில் சின்னதும் பெரிதுமாக மஞ்சள் கருக்கள் வரிசையாக வளர்ந்து நிற்கும். முற்றியது ஒன்று விடுபட்டு, கருக்குழாயின் வாய்க்குள் விழுகிறது. அடுத்த பகுதியில் சுமார் மூன்று மணி நேரம் தங்கி வெள்ளைக் கருவைப் போர்த்திக்கொள்கிறது. அதற்கடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில், அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மெல்லிய சவ்வு உருவாகிறது. பிறகு ஓட்டுச் சுரப்பிக்குள் நுழைகிறது. அங்கே மட்டும் ஏறத்தாழ இருபது மணி நேரம். மொத்தம் 24 முதல் 26 மணி நேரம். முட்டை வெளியே வந்து அரை மணி நேரம் போல ஆனதும் அடுத்த கரு விடுபடுகிறது. இதனால் இன்று காலை ஏழு மணிக்கு இட்ட கோழி நாளை எட்டு மணியை நெருங்கி இடும், மறுநாள் இன்னும் பிந்தி இடும். கரு விடுபடுவதற்கான ஹார்மோன் அலை நாளின் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் மட்டுமே எழும். பிந்திப் பிந்தி அந்த நேரம் தாண்டிவிட்டால் கோழி ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மறுபடி காலையிலிருந்து தொடங்கும். இன்றைய பண்ணை இனங்களை, இந்தச் சுற்று 24 மணி நேரத்தை ஒட்டி ஓடும்படி பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். நம் பண்ணைகளில் பரவலாக நிற்கும் பி.வி. 300 என்ற வெள்ளைக் கோழி ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் இடுவது அதனால்தான். முந்நூற்று அறுபத்தைந்தை எந்தப் பண்ணைக்காரரும் தாண்ட முடியாது. விலை பத்து ரூபாய் ஆனாலும் கோழி ஒரே நாளில் இரண்டு இடப்போவதில்லை.

ஓட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட்; அதாவது நம் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு காய்ந்து இறுகினால் என்ன ஆகுமோ அதே பொருள். ஒரு ஓட்டுக்குச் சுமார் இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். கோழியின் எலும்புக்கூடு முழுவதையும் சேர்த்தாலே அதில் இருபது கிராம்தான் கால்சியம். தினமும் பத்தில் ஒரு பங்கு எலும்பு அளவுக்கு ஓட்டில் வைத்து வெளியே தள்ளுகிறது என்று பாருங்கள்! ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது, கோழி தின்னாத நேரத்தில். அந்நேரத்துத் தேவைக்காகவே முட்டையிடும் பருவத்தில் அதன் கால் எலும்புக் குழிக்குள் தனியாக ஒரு தற்காலிக எலும்பு படிகிறது. இரவில் கரைந்து பகலில் மீண்டும் நிரம்பும். தீவனத்தில் கிளிஞ்சல் நொறுக்கைக் கலப்பது இதற்காகத்தான்.

கால்சியம் பாதிதான். மீதிக்கு, கார்பனேட்டுக்கு, ரத்தத்தில் கரைந்த கரியமில வாயு வேண்டும். இங்கேதான் கோடை குறுக்கே வருகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சித்திரை வெயிலில் அலகைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. அப்படி மூச்சு வாங்க வாங்கக் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. ரத்தத்தில் அது குறைந்ததும் ஓட்டுக்கு மூலப்பொருள் குறைகிறது, ஓடு மெலிகிறது. மெலிந்த ஓட்டு முட்டை நாமக்கல்லிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் குலுங்கி ஆவடிக்கு வந்து சேரும்போது அட்டைக்கு ஒன்றிரண்டு கீறல். கடைக்காரர் செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் வைத்துப் பார்த்துத் தனியே எடுத்துவைப்பது இதைத்தான். 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெயிலில் வாடிய கோழிகளுக்குச் சோடா நீர் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டின் தரம் மேம்பட்டது. வெளியேறிய வாயுவைத் தண்ணீர் வழியாகத் திருப்பித் தந்துவிட்டார்கள், அவ்வளவுதான். நாமக்கல்லில் யாரும் ஆயிரக்கணக்கான கோழிகளுக்குக் கோலி சோடா உடைக்கப்போவதில்லை. கொட்டகைக் கூரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள், பனிபோல் நீர் தூவும் குழாய் போடுகிறார்கள்.

சரி, விலைக்கு வருவோம். கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது தீவனம். தவறில்லை, முட்டை உற்பத்திச் செலவில் பெரும்பங்கு அதுதான். ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தின்கிறது. எல்லாக் கோழியும் எல்லா நாளும் இடாது என்பதால், ஒரு முட்டைக்கு 125 கிராம் தீவனம் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் முட்டைக்குப் பன்னிரண்டரைக் காசு. தீவனத்தில் பாதி மக்காச்சோளம் என்றால், சோளம் கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறும்போது முட்டையின் அடக்கவிலை பத்தொன்பது காசு போல ஏறும். 2023–24-இல் குவிண்டால் 2,090 ரூபாயாக இருந்த மக்காச்சோள ஆதரவு விலை 2025–26-இல் 2,400 ஆனது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குச் சோளம் போகத் தொடங்கியதும் கோழியும் மோட்டார் பைக்கும் ஒரே சாக்குக்குப் போட்டியிடுகின்றன. இதெல்லாம் உண்மை.

ஆனால் 2025 நவம்பருக்கு இந்த விளக்கம் ஒத்துவராது. அந்த மாதம் கர்நாடகத்தில் மக்காச்சோளம் ஆதரவு விலைக்கு வெகுகீழே விழுந்து, விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். முதல்வர் சித்தராமையா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சோளம் சரிந்த அதே மாதத்தில்தான் முட்டை உச்சம் தொட்டது. தீவனம் முட்டையின் அடக்கவிலையைத் தீர்மானிக்கிறது. சந்தை விலையை அன்றன்று தீர்மானிப்பது கூண்டில் எத்தனை கோழி நிற்கிறது என்பதும், அதற்கு எதிரே எத்தனை வாய் காத்திருக்கிறது என்பதும்தான்.

கூண்டில் எத்தனை கோழி என்பதை இன்று முடிவு செய்ய முடியாது. பண்ணைக்காரர் குஞ்சுக்குச் சொல்கிறார். அடைமுட்டை பொரிக்க 21 நாள். குஞ்சு வளர்ந்து முதல் முட்டையிடப் பதினெட்டு முதல் இருபது வாரம். உச்ச உற்பத்திக்கு இன்னும் சில வாரம். எப்படிப் பார்த்தாலும் ஐந்து மாதத்துக்குக் குறையாது. விலை ஏறிய பிறகு குஞ்சு வாங்குவது, விருந்தாளி வாசலில் நின்ற பிறகு உளுந்தை ஊறப்போடுவது போலத்தான். குறைப்பதற்கோ ஒரு நாள் போதும். விலை விழுந்து நட்டம் தாங்கவில்லை என்றால், வயதான கோழிகளை இறைச்சிக்கு ஏற்றிவிடலாம். லாரி வந்தால் மாலைக்குள் கொட்டகை காலி. விலை நன்றாக இருக்கும்போது கிழட்டுக் கோழியை இன்னும் சில வாரம் வைத்துப் பார்ப்பார்கள், ஆனால் அது குறைவாக இடும், ஓடும் மெல்லிசாக இருக்கும். கூட்டுவது மெதுவாக, குறைப்பது சட்டென்று. முட்டை விலையின் குணமே இந்த ஏற்றத்தாழ்விலிருந்து வருகிறது.

இப்போது மார்ச்சையும் நவம்பரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ச்சில் நான்கு ரூபாய்க்குக் கீழே விற்றபோது புதுக் குஞ்சு விட யாருக்கு மனம் வரும்? நட்டத்தில் சிலர் கோழியைக் கழித்தார்கள், சிலர் கொட்டகையைப் பூட்டினார்கள். அன்று விடாமல் போன குஞ்சுகள் ஆவணி, புரட்டாசியில் முட்டையிட்டிருக்க வேண்டியவை. புரட்டாசி முழுக்கப் பாதித் தமிழ்நாடு முட்டையைத் தொடாது என்பதால் குறைச்சல் அப்போது வெளியே தெரியவில்லை. புரட்டாசி முடிந்து, வடக்கே குளிர் தொடங்கி அங்கே தேவை ஏறி, கிறிஸ்துமஸ் கேக்குக்கு பேக்கரிகள் வாங்கத் தொடங்கியதும் தெரிந்துவிட்டது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் முட்டையை விட்டும்கூட விலை நிற்கவில்லை.

இது கோழிக்கு மட்டும் உள்ள நோயல்ல. 1920-களின் கடைசியில் ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் என்ற பொருளியலாளர் பன்றி விலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒழுங்கைக் கண்டார். விலை நன்றாக இருக்கும்போது எல்லோரும் பன்றி வளர்க்க, அவை சந்தைக்கு வரும்போது விலை விழ, எல்லோரும் கைவிட, மறுபடி ஏற்றம். 1934-இல் நிக்கோலஸ் கால்டோர் இதற்குச் சிலந்திவலைக் கோட்பாடு என்று பெயர் வைத்தார். வரைபடத்தில் அந்தக் கோடுகள் அப்படித்தான் சுற்றும். இதில் யாரும் முட்டாள் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு பண்ணைக்காரரும் தன் கணக்கில் சரியாகத்தான் முடிவெடுக்கிறார். எல்லோரும் ஒரே விலையைப் பார்த்து ஒரே நாளில் ஒரே முடிவை எடுப்பதுதான் சிக்கல். நாளிதழைத் திறந்தால் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரே எண்ணை என்.இ.சி.சி. தருகிறது, அது இந்த ஒத்திசைவைக் கூட்டுகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

குறைச்சல் கொஞ்சம்தானே, விலை ஏன் இவ்வளவு ஏற வேண்டும்? பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிரிகரி கிங் பெயரில் ஒரு பழைய அட்டவணை இருக்கிறது. 1699-இல் சார்லஸ் டேவனன்ட் அதை வெளியிட்டார். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தானிய விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பத்தில் இரண்டு குறைந்தால் பத்தில் எட்டு ஏறும். முட்டைக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா, ஆனால் போக்கு அதேதான். தமிழ்நாட்டில் முட்டைக்கு விலை பார்த்துப் பின்வாங்காத ஒரு பெரிய வாடிக்கையாளர் இருக்கிறார்: அரசு. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று சத்துணவில் தொடங்கியது, 2010-இலிருந்து வாரம் ஐந்து. ஆவடி அரசுப் பள்ளித் தட்டில் முட்டை விழுவது நாமக்கல் விலையைக் கேட்டு அல்ல, விழவும் கூடாது. அந்தப் பங்கை ஒதுக்கிய பின் மிஞ்சுவதில்தான் பரோட்டாக் கடையும் பேக்கரியும் வீடுகளும் மோதிக்கொள்கின்றன. குறைச்சல் முழுவதும் அந்த மிச்சத்தின் தலையில் விழுகிறது.

பறவைக் காய்ச்சலைச் சொல்லாமல் முட்டை விலை பேச முடியாது. அமெரிக்காவில் 2022 பிப்ரவரியிலிருந்து எச்5என்1 வைரஸ் பண்ணைக்குப் பண்ணை தாவியது. நோய் கண்ட பண்ணையில் மொத்தக் கோழிகளையும் அழிப்பார்கள். 2025 மார்ச்சில் அங்கே ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர், ஒரு முட்டை ஏறத்தாழ 45 ரூபாய். அதே மார்ச்சில்தான் நாமக்கல்லில் நான்கு ரூபாய்க்குக் கீழே. இங்கும் காய்ச்சல் வராமல் இல்லை. 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் வந்தது. ஒரே வைரஸ், அங்கே விலையை ஏற்றியது, இங்கே இறக்கியது. அமெரிக்காவில் கோழி குறைந்தது, தின்பவர் குறையவில்லை. இங்கே செய்தி கேட்டதும் தின்பவர் குறைந்துவிடுகிறார். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக வந்தபோதும் நாடு முழுக்க விலை சரிந்தது. அவித்த முட்டையில் அந்த வைரஸ் பிழைக்காது என்று எத்தனை முறை சொன்னாலும் அச்சம் அடங்கச் சில வாரம் ஆகும். வாங்குகிறவர் சில வாரத்தில் திரும்பிவிடுகிறார். அந்தச் சில வாரத்தில் கழிக்கப்பட்ட கோழியின் இடம் நிரம்ப ஐந்து மாதம் ஆகிறது.

ஆகவே அடுத்த முறை விலையைக் கணிக்க விரும்புகிறவர் இன்றைய முட்டை விலையைப் பார்ப்பதைவிட, இந்த மாதம் பொரிப்பகங்களிலிருந்து எத்தனை லேயர் குஞ்சுகள் போயின என்று விசாரிப்பது நல்லது. 2025 நவம்பரில் ஆறு ரூபாயைப் பார்த்து உற்சாகமாக வாங்கிய ஒருநாள் குஞ்சு, ஏப்ரலில் முதல் முட்டையிடும். அப்போது வடக்கே குளிர் போயிருக்கும், சத்துணவுக் கூடங்கள் கோடை விடுமுறைக்குப் பூட்டத் தொடங்கியிருக்கும், கொட்டகைக் கூரையில் தண்ணீர் தெளிக்கும் வேலை ஆரம்பித்திருக்கும்.